முப்பதுக்குப் பிறகு எம்.பி.பி.எஸ்.: எந்த வழியில் போனால் எங்கே விழுவோம்?

போன மாதம் ஒரு நைட் டூட்டி. மணி இரண்டேகால் இருக்கும், கேஷுவாலிட்டி கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி: "அண்ணா, முழிச்சிருக்கீங்களா? ஒரு விஷயம் கேக்கணும்."

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தபோது எனக்குக் கீழே ஃப்ரெஷராகச் சேர்ந்த தம்பி அவன். இப்போது கோயம்புத்தூரில் டீம் லீட். வயது 31. மனைவியும் வேலைக்குப் போகிறார். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, வீட்டுக் கடன். போனில் அரை மணி நேரம் சுற்றி வளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். வேலையை விட்டுவிட்டு டாக்டருக்குப் படிக்கலாமா?

இந்தக் கேள்வி வருடத்துக்கு ஏழெட்டுப் பேரிடமிருந்து எனக்கு வருகிறது. காரணம், நான் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தவன். 2006-ல் பிளஸ் டூ. அப்போது நுழைவுத் தேர்வு இருந்தது; மெடிக்கல் கட்-ஆஃப் எட்டவில்லை, எல்லோரையும் போல இன்ஜினியரிங். ஒன்பது வருடம் ஓ.எம்.ஆர். சாலையில் கோடு எழுதினேன். பிறகு ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பக் கிளம்பினேன். நீட் முதல் முயற்சி 2019 மே, வேலையில் இருந்துகொண்டே: 720-க்கு 287. இரண்டாவது 2020 செப்டம்பர், வேலையை விட்டு: 572. ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது படிப்பு முடிந்தபின் வரும் ஒரு வருடக் கட்டாய மருத்துவமனைப் பயிற்சி; அதன் கடைசி மாதங்கள். வயது 36, தலையில் பாதி நரை.

தம்பிக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒரு வழியில் ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், எல்லா வழியிலும் கடைசியில் பெயருக்கு முன்னால் "டாக்டர்" வரும். பாதி வழியில் அது உடைந்தால் எங்கே போய் நிற்போம் என்பதைத்தான் நான் ஒப்பிடுகிறேன். பதினெட்டு வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, அவன் விழுந்தால் அப்பா வீடு இருக்கிறது. முப்பதைத் தாண்டியவன்தான் அந்த அப்பா.

முதலில் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துவிடலாம்.

வயது. நீட் எழுத உச்ச வயது வரம்பு இன்று கிடையாது. 2018-ல் பொதுப் பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அந்த வருடக் கடைசியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் கதவைத் திறந்துவிட்டது. நான் அந்த இடுக்கில் நுழைந்தவன். 2021 அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையமே வரம்பு வேண்டாம் என்று முடிவெடுத்தது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் எல்லை இல்லை. ஒடிசாவில் வங்கிப் பணியில் ஓய்வுபெற்ற 64 வயதுக்காரர் ஒருவர் 2020 நீட் எழுதி, புர்லா அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது செய்தியாகவே வந்தது.

உயிரியல். தம்பி பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர். முன்பு என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 2023 நவம்பரில் ஆணையம் வெளியிட்ட அறிவிப்புப்படி, பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் பதிவு செய்துகொள்ளலாம். ஆக, வழி இருக்கிறது. ஆனால் ஒரு வருடம் இதற்கே போகும்.

இனி வழிகள்.

அரசு மருத்துவக் கல்லூரி. கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். பலர் இந்த வரியைப் படித்ததுமே கிளம்பிவிடுகிறார்கள். உண்மையான கட்டணம் வாங்காமல் விடும் சம்பளம். தம்பிக்குக் கையில் வருவது மாதம் 1.10 லட்சம். படிக்கத் தயாராக ஒன்றரை வருடம், நாலரை வருடப் படிப்பு, ஒரு வருட சி.ஆர்.ஆர்.ஐ., மொத்தம் ஏழு வருடம். பெருக்கிப் பார்த்தால் 92 லட்சம். சம்பள உயர்வைச் சேர்க்காமல். கடைசி ஒரு வருடம் மட்டும் மாதம் ஏறத்தாழ 25 ஆயிரம் உதவித்தொகை வரும். பகுதி நேரமாக வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கு 80 சதவீதம் வருகை இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வார இறுதியில் ஃப்ரீலான்ஸ் செய்வேன் என்று நானும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டுதான் போனேன். அனாடமி முதல் இன்டர்னல்ஸோடு அது மூடியது, பிறகு திறக்கவில்லை. ஐந்தரை வருடமும் வீடு ஓடியது மனைவியின் வங்கிச் சம்பளத்தில். அவர் முடியாது என்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மதிப்பெண்ணுக்கு வருவோம். 180 கேள்வி, 720 மதிப்பெண், 180 நிமிடம். அதில் 90 கேள்வி உயிரியல். இன்ஜினியர்கள் எல்லாருக்கும் ஒரு நினைப்பு உண்டு, எனக்கும் இருந்தது: "இயற்பியலை அடிச்சுத் தூக்கிடலாம்." இயற்பியல் மொத்தமே 45 கேள்வி. பாதித் தாள் மத்தியப் பாடத்திட்டத்தின் என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தின் வரிகளுக்குள் இருக்கிறது. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பது உள்பட. கோடு எழுதியவன் மூளை "தேவைப்பட்டால் தேடிக்கொள்வோம்" என்று பழகிவிட்ட மூளை. அதை மறுபடி மனப்பாடத்துக்குத் திருப்ப எனக்கு எட்டு மாதம் ஆனது. ரிப்பீட்டர் பேட்சில் நாள் முழுக்க உட்காரும் பையன்களோடுதான் போட்டி. 2025-ல் நாடு முழுக்க 22 லட்சம் பேர் எழுதினார்கள். கட்-ஆஃபும் நிலையாக இருப்பதில்லை. 2024-ல் முழு மதிப்பெண்ணே பலர் வாங்கினார்கள். 2025-ல் இயற்பியல் கடுமை, முதலிடமே 686. போன வருடக் கட்-ஆஃபைப் பார்த்து இந்த வருடம் இலக்கு வைப்பவர்கள் ஏமாறுவார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு விஷயம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தனியாகப் பாருங்கள். அந்தப் பட்டியலில் கட்-ஆஃப் வெகுவாக இறங்கும், கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நான் அரசு உதவி பெறும் பள்ளி, எனக்குப் பொருந்தவில்லை. தம்பி சூலூர்ப் பக்கம் அரசுப் பள்ளி! அவனுக்கே இது ஞாபகம் இல்லை. மருத்துவச் சேர்க்கைத் தேர்வுக் குழுவின் விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் படித்துவிட்டு, பள்ளிக்குப் போய் படிப்புச் சான்றிதழ் வாங்கி வை என்றேன்.

இந்த வழியில் தோற்றால் என்ன ஆகும்? நீட்டில் தோற்றால் ஒன்று அல்லது இரண்டு வருடம் போகும், வேலைக்குத் திரும்பலாம். ரெஸ்யூமில் ஒரு இடைவெளி, அவ்வளவுதான். உள்ளே போன பிறகு தோற்பது வேறு மாதிரி: முதல் வருடப் பாடங்களுக்கு நான்கு முயற்சிகள், மொத்தப் படிப்புக்கு ஒன்பது வருடம், அதற்கு மேல் இல்லை. எங்கள் பேட்சில் முதல் வருடத்திலேயே தடுமாறியவர்கள் உண்டு. என்னைப் போல வயதானவர்கள் அல்ல, பதினெட்டு வயதுப் பிள்ளைகள்தான்.

கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் தேர்வு மையத்தின் கேட்டில் நின்றவர் என் ஹால் டிக்கெட்டைப் பார்க்கும் முன்பே, "பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க சார்" என்றார். காட்டினேன். படத்தையும் முகத்தையும் மூன்று முறை பார்த்துவிட்டு உள்ளே விட்டார். இன்று மெடிசின் வார்டில் அதே கதை தலைகீழாக. என் யூனிட்டில் முதுகலை (பி.ஜி.) படிக்கும் மேடம் என்னைவிட ஒன்பது வயது சின்னவர். ரவுண்ட்ஸில் அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் கேஸ் ஷீட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு. நோயாளியின் சொந்தக்காரர்கள் அவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, "பெரிய டாக்டர், எப்ப டிஸ்சார்ஜ்?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "சொல்லுங்க பெரிய டாக்டர், எப்ப டிஸ்சார்ஜ்?" என்பார். முதலில் கூசியது. இப்போது பழகிவிட்டது. இரவு முழுக்க நோயாளிகளுக்கு வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போட்டுவிட்டு மறுநாள் மதியம் வரை நிற்பதுதான் பழகவில்லை. அதை 23 வயது முதுகு தாங்குவதுபோல 36 வயது முதுகு தாங்குவதில்லை.

தனியார் கல்லூரி. இதில் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது. சுயநிதிக் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்கள் ஒன்று. சிறுபான்மைக் கல்லூரி அல்லாதவை 65 சதவீதம், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம் தருகின்றன. கட்டணம் வருடம் நாலரை லட்சத்தை ஒட்டி. விடுதி எல்லாம் சேர்த்து முப்பது லட்சத்துக்குள் முடிக்கலாம். கையில் சேமிப்பு இருந்து, அரசுக் கல்லூரி சில மதிப்பெண்ணில் தவறிப்போனால் யோசிக்கலாம்.

மேனேஜ்மென்ட் கோட்டாவும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் வேறு உலகம். இங்கே நான் நடுநிலையாகப் பேசப் போவதில்லை. மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொடும், நிகர்நிலையில் தாண்டும். ஒரு கோடியை 10 சதவீத வட்டியில் 15 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 1.07 லட்சம். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்த டியூட்டி டாக்டருக்குத் தனியார் மருத்துவமனைகளில், நான் விசாரித்தவரை, மாதம் 40 முதல் 60 ஆயிரம். தவணையில் பாதிதான் சம்பளம். சரி, பி.ஜி. முடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். பி.ஜி. மூன்று வருடம், அதற்கும் நீட் பி.ஜி., அதற்கும் போட்டி. 38 வயதில் டாக்டர், 42-ல் ஸ்பெஷலிஸ்ட், ஐம்பதைத் தாண்டியும் தவணை. இடையில் உடம்புக்கு ஒன்று வந்தால் வீடு போகும். ஊரில் நிலத்தை விற்றுத் தருகிறேன் என்று தம்பியின் மாமனார் சொன்னாராம். நல்ல மனிதர். நிலம் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

வெளிநாடு. ஜார்ஜியா, ரஷ்யா, பிலிப்பைன்ஸ், உஸ்பெகிஸ்தான் என்று ஏஜென்ட்டுகள் பட்டியலோடு வருவார்கள். செலவு முப்பது லட்சத்தைச் சுற்றி. 2018-லிருந்து வெளிநாட்டில் படிக்கவும் நீட் தகுதி கட்டாயம். கட்-ஆஃப் தேவையில்லை, தேறினால் போதும். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். பலரை இழுப்பதே இதுதான்.

திரும்பி வந்து இங்கே பதிவு செய்ய 2021 நவம்பரில் வந்த விதிகள்தான் கணக்கு. குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி, அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி, எல்லாம் பத்து வருடத்துக்குள். பட்டதாரிகள் இந்த 54-ஐ அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கென்றே நான்கு வருட மருத்துவப் படிப்பு இருக்கிறது. நமக்கென்றே தைத்ததுபோல இருக்கும். ஆனால் நான்கு வருடம் என்றால் 48 மாதம். அங்கேயே தங்கப் போகிறவருக்குச் சரி, ஊருக்குத் திரும்ப நினைப்பவருக்கு உதவாது. பிலிப்பைன்ஸில் பட்டப்படிப்பும் எம்.டி.யும் (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) சேர்த்து ஐந்தரை வருடம் என்று ஓர் ஏஜென்ட் எனக்கே 2019-ல் கணக்குக் காட்டினார். முன்பகுதி வெறும் பி.எஸ். பட்டம், மருத்துவப் படிப்புக் கணக்கில் வராது என்பதை அவர் சொல்லவில்லை. நான் முன்பணம் கட்டும் நிலைக்குப் போய்த் திரும்பினேன்.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும் கடைசியில் எஃப்.எம்.ஜி.இ. நிற்கிறது, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வு. 300-க்கு 150 வாங்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. தேர்ச்சி பெரும்பாலும் ஐந்தில் ஒருவர், நல்ல முறை என்றால் கொஞ்சம் கூடும். அதன் பிறகு இங்கே ஒரு வருடப் பயிற்சி. ஆறு, அதோடு தேர்வுக்குப் படிக்க ஒன்று, பயிற்சிக்கு ஒன்று: எட்டு வருடம்.

உடைந்தால் எங்கே விழுவோம் என்ற கேள்விக்கு இந்த வழியில் கிடைக்கும் பதில்தான் எனக்குப் பயம் தருகிறது. நீட்டில் தோற்பவன் முதல் வருடத்திலேயே தோற்றுவிடுகிறான். இங்கே ஏழாவது வருடத்தில், பணமெல்லாம் செலவான பிறகு தோற்கலாம். 2022-ல் உக்ரைனிலிருந்து பாதிப் படிப்போடு ஓடிவந்த பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அப்போது இருபது, இருபத்திரண்டு வயது. 35-ல் குழந்தை குட்டியோடு அப்படி வந்து இறங்கினால்? வெளிநாட்டில் படித்து வந்து என்னோடு பயிற்சி செய்பவர்களில் மிகக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் எஃப்.எம்.ஜி.இ.-யில் தோற்றவர்கள் வார்டுக்கு வருவதில்லை, அதனால் அவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை.

சித்தா. பாளையங்கோட்டையிலும் அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள். இதற்கும் நீட், அதே ஐந்தரை வருடம், எம்.பி.பி.எஸ்.ஸைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் இடம் கிடைக்கும். அதனாலேயே "கிடைக்காவிட்டால் சித்தா" என்கிறார்கள். இப்படி வருபவர்கள் ஐந்து வருடமும் பக்கத்துக் கட்டிடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய பாடல்களை உட்கார்ந்து படிக்கவும், மூலிகையைக் கையால் தொட்டுப் பார்க்கவும் உங்களுக்கு ஆசை இருந்தால் போங்கள். பின்வாசலாக நினைத்தால் வேண்டாம்.

டாக்டர் ஆகாமல் பக்கத்தில் நிற்பது. இதைச் சொன்னதும் போனில் தம்பியின் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் 2018-ல் யாராவது சொல்லியிருந்தால் கோபம்தான் வந்திருக்கும். ஆனால் இரண்டே வருடத்தில், கடன் இல்லாமல், திரும்பும் கதவும் திறந்திருக்கிற வழி இது ஒன்றுதான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் பொதுச் சுகாதார முதுகலை, இன்ஜினியர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் மருத்துவமனை நிர்வாகம். சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையத்தில் நம்மைப் போன்றவர்கள் செய்த வேலைதான், சங்கர நேத்ராலயாவோடு சேர்ந்து கண் அறுவை சிகிச்சையை வண்டியிலேயே கிராமத்துக்குக் கொண்டுபோனது. என் பழைய டீமில் இருந்த ஒருவர் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு, இன்று காசநோய்த் தரவுகளில் வேலை செய்கிறார். நான் இந்த வார்டில் ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகளைவிட அவருடைய ஒரு எக்செல் தாள் தொடும் நோயாளிகள் அதிகம். சம்பளம் பழையதைவிடக் குறைவு, ஆனால் மாதா மாதம் வருகிறது.

ஒரு கேள்வியில் இந்த வழி வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். நோயாளியின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிற அந்த நொடிதான் வேண்டுமா, அல்லது இப்போதைய வேலை அலுத்துவிட்டதா? தம்பியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்பா ஐ.சி.யூ.ல இருந்தப்ப பதினோரு நாள் வெளியிலேயே உக்காந்திருந்தேன்ணா. உள்ள என்ன நடக்குதுன்னு யாருமே சொல்லல. அப்பத்துல இருந்துதான்." அலுப்பு இல்லை என்று புரிந்தது.

படித்து முடித்த பிறகு என்ன என்பதையும் பார்த்துவிட வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் உதவி மருத்துவர் ஆனால் அடிப்படைச் சம்பளம் 56,100-ல் தொடங்கும். அதில் பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு இருக்கிறது, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குப் பெரிய தளர்வு. மாநில அரசில் ஓய்வு வயது 60. 39-ல் சேர்ந்தால் 21 வருடம், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பிறந்து வளர்வதைப் பார்க்கப் போதும். மத்திய அரசு மருத்துவர் பணிக்கான சி.எம்.எஸ். தேர்வுக்குப் பொதுவான வரம்பு 32. அதைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். அரசுப் பணியில் இருந்தபடி பி.ஜி. படிக்கத் தமிழ்நாட்டில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. என் திட்டமும் அதுதான்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது: வேலையை விடாதே. இந்த வருடம் திறந்தநிலைப் பள்ளியில் உயிரியலுக்குப் பதிவு செய். அடுத்த வருடம் ஒரு நீட் எழுது, வேலையில் இருந்துகொண்டே. 400-க்குப் பக்கத்தில் வந்தால் வேலையை விட்டு இன்னொன்று. அதிலும் அரசு இடம் வராவிட்டால் திருவனந்தபுரத்துக்கு விண்ணப்பம் போடு. மேனேஜ்மென்ட், ஜார்ஜியா இரண்டும் என் பட்டியலில் இல்லை. இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம்: இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு, பழைய நீட் தாள் ஒன்றை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுது. அறையில் போன் இருக்கக் கூடாது. வட்டத்தையும் நிரப்பு.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் படம் வந்தது. நோட்டுத் தாளில் கூட்டியிருந்தான். இயற்பியல் 180-க்கு 96. வேதியியல் 41. உயிரியல் 360-க்கு 38. மொத்தம் 175. ஓரத்தில் குழந்தை கிறுக்கிய ஒரு பூனையோ யானையோ.

கீழே ஒரு வரி: "அண்ணா, பயாலஜிக்கு பதினொன்னாம் கிளாஸ் புக்ல இருந்தே ஆரம்பிக்கணுமா?"

ஆமாம் என்று அனுப்பிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினேன்.